அரைநூலார் பிரித்த தையல்கள்

இரண்டே மாதம். அதற்குள் மனைவி ஊசியைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும். புதன்கிழமை மாலை, தேநீரை ஒற்றை ஆளாகக் குடித்து முடித்துவிட்டு, அரைநூலார் இப்படி ஒரு சபதம் செய்தார்.

அரைநூலார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, உடன் வேலை பார்த்தவர்கள் வைத்தது. போல்ட்டும் நட்டும் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்தொரு வருஷம் தரப் பரிசோதகராக இருந்தவர். அரை நூல் அளவு, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, பிசகினாலும் ‘தள்ளு’ என்று ஒதுக்கிவிடுவார். மரை கழன்ற போல்ட்டை மட்டுமல்ல, மரை கழன்ற மேலதிகாரியையும் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார் என்று பேர். ஓய்வு பெற்ற பிறகு, பரிசோதிக்க அவருக்கு மிஞ்சியது மனைவி ஒருத்திதான்.

அவளும் கைநழுவிப் போனாள். மகள் பிறந்தபோது மூட்டை கட்டிப் பரணில் போட்ட துண்டுத் துணிகளை, அந்த மகள் வேலைக்கென்று வெளியூர் போனதும் இறக்கினாள். நூலகத்து மாடியில் புதனும் சனியும் கூடுகிற ஒட்டுப் போர்வைக் குழுவில் சேர்ந்துவிட்டாள். துண்டுத் துணிகளைச் சதுரம் சதுரமாக இணைத்து, நடுவே பஞ்சு வைத்து, போர்வையாகத் தைக்கிற கூட்டம் அது.

“நீங்களும் வாங்களேன்” என்று நாலு தடவை கூப்பிட்டாள்.

“போல்ட்டு பிடிச்ச கை, பொட்டுத் துணியைப் பிடிக்குமா?” என்று நாலு தடவையும் மறுத்தார்.

‘நீ இல்லாமல் வீடு வெறிச்சென்று இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் அதைச் சொல்ல வாய் வர வேண்டுமே! வாய் வராத இடத்தில் அவருக்கு அளவுகோல் வந்தது. அவள் கொண்டுவந்த சதுரத்தை மேஜையில் விரித்து, இரும்பு அளவுகோலை வைத்தார்.

“இந்த மூலையும் அந்த மூலையும் சேரவே இல்லையே?”

“அப்படியா?”

“முக்கால் நூல் வித்தியாசம்!”

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

“இதைப் பார்த்தா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா?”

“சிரிக்கட்டுமே. பாவம், எல்லாரும் சிரிச்சு எத்தனை நாளாச்சோ” என்று சொல்லிவிட்டு அவள் சதுரத்தைப் பையில் போட்டாள். படுத்த ஐந்தாம் நிமிஷம் குறட்டை வந்தது.

அரைநூலாருக்குத்தான் உட்கார முடியவில்லை. மூடின பைக்குள்ளே ஒரு கோணல் மூலை இருக்கிறது என்கிற நினைப்பே பல்லிடுக்கில் சிக்கின நார் மாதிரி உறுத்தியது. முகச்சவர பிளேடை எடுத்து வந்து, இழை இழையாகத் தையலைப் பிரித்தார். பிரித்த பிறகுதான் உறைத்தது, பிரித்ததை மறுபடி சேர்த்தாக வேண்டும்! சட்டைப் பொத்தான் தைத்த அனுபவத்தை வைத்துக்கொண்டு தைத்தார். மூலையும் மூலையும் ஒட்டிப் பிறந்தது போலச் சேர்ந்தன.

அப்போது உதித்தது யோசனை. இப்படியே ரகசியமாகத் திருத்திக்கொண்டே வரலாம். இரண்டு மாதத்தில் குழு நடத்தப்போகிற போர்வைக் கண்காட்சிக்குக் கொஞ்ச நாள் முன்பு, எல்லாருக்கும் நடுவிலே போய் நின்று உண்மையைச் சொல்லலாம். குட்டு வெளிப்பட்டால் அவள் வெட்கப்பட்டு வீடு திரும்புவாள். இவர் பெருந்தன்மையாக மன்னிப்பார்.

வாரம் ஏற ஏறத் தப்புகளும் ஏறின. ஒரு சதுரத்தில் நூல் தொளதொளவென்று தொங்கும். இன்னொன்றில் துணி வற்றல் போலச் சுருங்கியிருக்கும். ஒன்றில் முக்கோணம் தலைகீழ், மற்றொன்றில் உள்பக்கம் வெளியே.

“ஏம்மா, ஒரே ஆள் எப்படி இத்தனை விதமாத் தப்புப் பண்ண முடியும்?” என்று ஒரு நாள் தாங்காமல் கேட்டுவிட்டார்.

“எனக்கு அந்தத் திறமைகூட இல்லைன்னு நினைச்சீங்களா?”

எந்தக் குறை எந்த எந்திரத்தில் வந்தது என்று தொட்டுப் பார்த்தே சொன்ன மனிதர், இதைக் கேட்டுத் திருப்தியடைந்து பிளேடைத் தேடிப் போனார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. அவள் பையை வீட்டில் விட்டுவிட்டுக் குழுவுக்குப் போகிற மத்தியானங்களில் மூன்று மணி நேரம் போவதே தெரியவில்லை. நல்ல வேலை கையில் இருந்தால் மனுஷனுக்குப் புத்தி வேறு எங்கே போகும்?

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருந்தது. சனிக்கிழமை, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, சாட்சிக்கு அளவுகோலை எடுத்துக்கொண்டு நூலகத்து மாடியேறினார். வாசலிலேயே ஒரு பல் டாக்டரம்மா கைகூப்பினார்.

“வாங்க வாங்க, அரைநூல் சார்! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருக்கோம்.”

அரைநூலார் தொண்டையைச் செருமினார். “உங்க எல்லார்கிட்டயும் ஒரு உண்மையைச் சொல்லணும். என் மனைவி கொண்டுவந்த துண்டுகள்ல இருந்த தப்பெல்லாம்...”

“சுருங்கினது என்னுது” என்றார் டாக்டரம்மா. “பல்லைப் பிடுங்கிற கையில்லையா, நூலையும் இழுத்துடறேன்.”

“தலைகீழ் முக்கோணம் நான்தாங்க” என்றாள் தபால்காரி.

“உள்பக்கம் வெளியே வந்தது என்னுது. பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கிறப்பவும் எனக்கு இப்படித்தான்” என்றாள் பஸ் ஓட்டுகிறவள்.

அரைநூலாரின் அளவுகோல் கொஞ்சம் தாழ்ந்தது. “அப்ப... என் வீட்டுக்காரி பண்ணின தப்பு எது?”

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. “அவங்களா? அவங்கதானே எங்க எல்லாருக்கும் வாத்தியார்!”

இரண்டு மாதமாக வாத்தியாருக்கே அளவுகோல் பிடித்துப் பாடம் நடத்தியிருக்கிறார். மனைவி தைக்கிற துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“நாலு தடவை கூப்பிட்டேன். வரமாட்டேன்னீங்க. வான்னா வரமாட்டீங்க, தப்புன்னா ஓடி வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? வாங்க, பக்கத்துல இடம் போட்டு வச்சிருக்கேன்.”

கோபப்பட வேண்டும் என்றுதான் நினைத்தார். வரவில்லை. அவள் பக்கத்தில் ஒரு காலி நாற்காலி தனக்காகக் காத்திருந்தது என்பதில் உள்ளூர அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஆனாலும், ஆண்பிள்ளை மானம் என்று ஒன்று இருக்கிறதே? ஆதரவுக்கு யாராவது கிடைப்பார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். மூலையில் ஒருவர் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் கணவராம். அரைநூலார் அவர் பக்கம் ஒதுங்கினார்.

“பார்த்தீங்களா சார் அநியாயத்தை? நான் உண்மையைப் போட்டு உடைக்கணும்னு வந்தேன்!”

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“போன வருஷம் நானும் அதுக்குத்தாங்க வந்தேன்.”