அப்பா போட்ட முடிச்சு

அன்புள்ள அடலின் அத்தைக்கு,

மாரிட் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம், அப்பாவைத் தவிர. போர்வைக்குள் டார்ச் வெளிச்சத்தில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படகுத்துறையில் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா கவர்னர் ஆனதே அந்தக் கயிற்றால்தான் என்பது உங்களுக்குத் தெரியும். தேர்தல் மேடையில் ஒரு முடிச்சுப் போட்டு, "யாராவது அவுத்துப் பாருங்கய்யா" என்பார். யாராலும் முடிந்ததில்லை. 'ஹார்லன் போட்ட முடிச்சு அவிழாது' என்று சுவரொட்டி ஒட்டியே இரண்டு முறை ஜெயித்தார். ஆனால் எங்கள் சட்டப்படி கவர்னர் மாநில எல்லையைத் தாண்டினால், அவர் திரும்பும்வரை துணைக் கவர்னர்தான் கவர்னர். எங்கள் துணைக் கவர்னர் கல்வரோ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டே காத்திருப்பவர். அதனால் ஆறு வருடமாக அப்பா எல்லையாக ஓடும் ஆற்றைத் தாண்டவில்லை, அக்கரையில் நடந்த உங்கள் கல்யாணத்துக்குக்கூட. அன்றோடு உங்கள் இருவருக்கும் பேச்சு நின்றது.

நேற்று சனிக்கிழமை, துறையில் கட்டியிருந்த படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டபடியே அப்பா தூங்கிவிட்டார், முகத்தில் தொப்பி. கண் விழிக்கும்போது உங்கள் வாசலில் இருந்தால் பேசித்தானே ஆகவேண்டும் என்று நான் முடிச்சை அவிழ்த்தேன். பத்து நிமிடம் ஆனது, இரண்டு நகம் போனது. ஆறு எங்களை உங்கள் கரை மணலில் கொண்டுபோய்ச் செருகியது. நீங்கள் வீட்டில் இல்லை. மெல்வின் மாமாதான் மீன்துறைச் சீருடையில் நின்றார்.

"தூண்டில் போட லைசென்ஸ் இருக்கா?"

"மெல்வின், நான் கவர்னர்ப்பா!"

"அது அக்கரையில, மச்சான். இங்க நீங்க லைசென்ஸ் இல்லாத ஒரு ஆளு."

அதோடு விட்டாரா? ஆளை உறுதிசெய்ய எங்கள் தலைநகரத்துக்கே போன் போட்டார். எடுத்தது கல்வர். நாங்கள் துடுப்புப் போட்டுத் திரும்புவதற்குள், தன் மாமியாரின் செர்ரி கேக்கை மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இனிப்பாக்கும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்! அப்பா ஆறு வருடமாகப் பூட்டி வைத்திருந்த காகிதம் அது.

அதைவிட மோசம், "கவர்னர் முடிச்சு கழண்டு போச்சாம்" என்று ஊரே சிரிக்கிறது. தேர்தலுக்கு மூன்றே வாரம். வியாழக்கிழமை நிருபர்கள் வருகிறார்கள். 'நான்தான் சரியாகக் கட்டவில்லை' என்று அப்பா பழியை ஏற்றுக்கொண்டால் தோற்றுவிடுவார். அவிழ்த்தது நான் என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அத்தை, எனக்காக நீங்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள். பேச்சை நிறுத்தியவர் நீங்கள் என்பதால், திட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் திகைப்பார்.

மாமாவுக்கு என் அன்பு. அவர் கொடுத்த அபராதச் சீட்டை அப்பா ஏனோ ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறார்.

உங்கள் அன்பு மருமகள்,
மாரிட்

பின்குறிப்பு: தபால்தலை தேடிக் கீழே போனேன். சமையலறையில் அப்பா. கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார்.

"தூங்கினேன்னு யாரு சொன்னா? நீ மொத இழுப்பு இழுத்ததுமே முழிச்சுட்டேன். கடைசிச் சுத்துல நீ திணறினப்ப, தொப்பிக்குள்ளேருந்தே சொல்லிக் குடுத்துடலாமான்னு இருந்துச்சு" என்றார்.

"அப்போ நிருபருங்க கிட்ட என்னப்பா சொல்லுவீங்க?"

"முடிச்சு நல்லாத்தான் இருந்துச்சு, எனக்குத்தான் அக்கரைக்குப் போகணும்னு இருந்துச்சுன்னு சொல்லுவேன்."

ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். தபால்தலை வேண்டாமாம். நாளை இந்தக் கடிதத்தை அவரே கொண்டுவருகிறார், தூண்டில் இல்லாமல். கல்வர் எந்தக் கேக்கை வேண்டுமானாலும் சட்டமாக்கட்டும் என்கிறார். இந்த முறை தயவுசெய்து வீட்டில் இருங்கள்.