தானாக வந்து சேர்ந்த குற்றம்

மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கீழ்மலை நாடு என்றொரு நாடு இருந்தது. பக்தி மிகுந்த நாடு. ஞாயிறுதோறும் குடிமக்கள் ஒருவர் விடாமல் கோயிலுக்குப் போனார்கள்; வாசலில் சேவகர்கள் தலை எண்ணினார்கள்.

அந்நாட்டின் தலைமை வேத விளக்கர் அருமைநாயகம். வேதாகமத்தில் எந்த வசனத்துக்கு என்ன பொருள் என்று அரசவைக்குச் சொல்வது அவர் வேலை. பல்லக்கும், பின்னால் நின்று விசிற ஆளும் உண்டு. ஆனாலும் சனிக்கிழமை வந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

காரணம் எப்சிபாள். வேதசாலையில் அவரோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பதவி எதுவும் கேட்காமல் ஆற்றங்கரைத் தெருவில் குடியிருந்தாள். சனிக்கிழமை மதியம் அவள் வீட்டு முற்றம் நிறைந்துவிடும். பண்டிதர்கள் நூற்றாண்டுகளாகச் சண்டையிட்டு வந்த வேதப்பகுதிகளை அங்கே உரக்க வாசிப்பார்கள். இந்தப் பக்கத்தார் சொல்வதையும் அந்தப் பக்கத்தார் சொல்வதையும் நியாயமாக எடுத்து வைப்பாள். பிறகுதான் தன் எண்ணம்.

ஒருநாள் அருமைநாயகம் பல்லக்கை முக்கிலேயே நிறுத்திவிட்டு வேலியோரம் நின்று கேட்டார்.

"இந்த வசனம் எனக்கு இன்னும் பிடிபடல. நீங்களும் ஜெபம் பண்ணிப் படிங்க. நான் சொன்னதுல தப்பு இருந்தா வந்து சொல்லுங்க" என்றாள் எப்சிபாள். உள்ளே எல்லாரும் சிரித்தார்கள். யாரோ ஒரு கிழவர், "போன வாரம் நான் சொன்னதை இப்ப மாத்திக்கிடுதேன் தாயி" என்றார். அதற்கும் சிரிப்பு.

அவருக்கு வயிறு எரிந்தது. அவர் பேசி முடித்தால் சபையே எழுந்து "ஆமென்" சொல்லும். ஆனால் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன் என்று யாரும் இதுவரை அவரிடம் சந்தோஷமாகச் சொன்னதில்லை.

மறுநாளே அரசரிடம் போனார். "பிரபு, சர்ச்சைக்குரிய பகுதிகள் நாட்டின் ஒற்றுமையைக் குலைக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரே பொருள் என்று ஆணையிடுங்கள்."

"ஒரே பொருள் இருந்தால் செலவு மிச்சம்" என்றார் அரசர். ஆணை பிறந்தது. மாறுபட்டு நினைத்தவர்களுக்குப் பொதுக்கிணறு மூடப்பட்டது. ஒரே வீட்டில் மாமியார் தண்ணீர் எடுத்தார். மருமகள் ஆற்றுக்கு நடந்தாள்.

ஆனால் சனிக்கிழமைக் கூட்டம் குறையவில்லை. எனவே இரண்டாவது ஆணை: 'தெரியவில்லை' என்ற சொல் இராஜத்துரோகம். அந்த மழைக்காலத்தில் புதுவிதக் காய்ச்சல் ஒன்று வந்தது. வைத்தியர்கள் நாடியைப் பிடித்ததும் தயங்காமல் ஏதோ ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். சாவு பெருகியது. நாட்டில் சந்தேகம் அறவே ஒழிந்துவிட்டதாக அரசவை விழா எடுத்தது.

எப்சிபாள் மட்டும் 'தெரியவில்லை' என்று சொல்வதை நிறுத்தவில்லை. அவளைப் பிடித்து வந்தார்கள்.

அவளைச் சோதிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்டது வேதாகமத்தில் வரும் யெப்தாவின் கதை. போரில் வென்றால் வீட்டு வாசலில் எதிர்கொண்டு வருவதைப் பலியிடுவேன் என்று கடவுளிடம் பொருத்தனை செய்த பழைய தலைவன் அவன். எதிர்கொண்டு வந்தவளோ அவனுடைய ஒரே மகள். அவளைக் கொன்றானா, கன்னியாகவே ஆலயத்துக்கு விட்டுவிட்டானா என்பது தீராத சர்ச்சை. கொன்றான் என்பதே அரசாங்கப் பொருள். ஆளுகிறவன் வாயிலிருந்து வந்த சொல்லைத் திரும்பப் பெறக் கூடாது என்பதால் அரசருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

"உன் கருத்தைச் சொல்" என்றார் நீதிபதி.

"அந்தப் பிள்ளை பிழைச்சிருக்கணும்னு ஆசைப்பட்டுத்தான் படிக்க ஆரம்பிச்சேன் ஐயா. அவ பிழைச்சிட்டாள்னு சொல்லுறவங்க நியாயத்தையும் பல தடவை பார்த்தேன். ஆனா வசனம் என்னை விடல. கொன்னுட்டான்னுதான் எனக்குப் படுது."

நீதிபதி அரசரைப் பார்த்தார். "பிரபு, இது நம் பொருளேதான்."

அரசர் முன்னால் சாய்ந்தார். "உனக்கு இதை யார் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானே படிச்சு வந்து சேர்ந்தேன்."

"ஆணை வருமுன்பா?"

"ரொம்ப முன்னாடியே."

நீதிபதி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். "விடை குற்றமற்றது. ஆனால் அனுமதியின்றித் தானாக அதை அடைந்திருக்கிறாள். இன்று சரியான பொருளுக்குத் தானாக வருகிறவர்கள் நாளை வேறெங்கும் போகக்கூடும். நாடு கடத்துகிறேன்."

அருமைநாயகத்துக்கு மூச்சு இலகுவானது. அப்போது அரசர் அவர் பக்கம் திரும்பினார்.

"விளக்கரே, நீர் எப்படி வந்தீர் இந்தப் பொருளுக்கு?"

வேதசாலையில் யெப்தாவைப் பற்றிய அந்த வேதப்பகுதியை வைத்துக்கொண்டு அவர் மழைக்காலம் முழுவதும் தவித்ததும், எப்சிபாளோடு சண்டை போட்டதும், கடைசியில் கண்ணீரோடு ஒரு முடிவுக்கு வந்ததும் அவருக்கு நினைவிருந்தன. அவர் வாழ்க்கையில் தானாகத் தேடி அடைந்தது அது ஒன்றுதான். எப்சிபாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது தெரியும்.

"நானாக எதுவும் படிக்கவில்லை பிரபு" என்றார் அருமைநாயகம். "தாங்கள் சொல்லித்தான் தெரியும்."

அவை கைதட்டியது. அரசர் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டார்.

சேவகர்கள் எப்சிபாளை எல்லைக்கு அழைத்துப் போனார்கள். கையில் ஒரு துணி மூட்டை, அதற்குள் வேதாகமம், காலில் செருப்புக்கூட இல்லை. அரண்மனை மாடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அருமைநாயகம், அந்த வெறுங்காலைப் பார்த்துக்கூடப் பொறாமைப்பட்டார்.