மூக்கால் வந்த மரியாதை

பெரிய வாய்க்கால் மதகைத் தாண்டுவதற்குள் ரெத்தினத்தின் மூக்கு மறுபடியும் ஒழுகத் தொடங்கிவிட்டது. மார்கழிப் பனி, எதிரே வாடைக்காற்று. இரண்டு தடவை உறிஞ்சிப் பார்த்தாயிற்று. இன்னொரு தடவை உறிஞ்சினால் மூளைக்கே போய்விடும் போலிருந்தது.

சைக்கிளை ஓட்டிக்கொண்டே மூக்கைச் சிந்துகிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. ரெத்தினத்துக்கு வாய்க்கவில்லை. ஆகவே ஒழுங்கு மரியாதையாக இறங்கினார். ஸ்டாண்டு போட்டார். தோளில் கிடந்த சிவப்புத் துண்டு கெட்டுவிடக் கூடாதே என்று எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வாடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி நன்றாகக் குனிந்தார். கையை முகத்துக்குக் கொண்டுபோய், ஒரே மூச்சில் சிந்தி முடித்தார்.

சிந்திய சத்தம் அவர் காதிலேயே விழவில்லை. அதைவிடப் பெரிய சத்தமாக மாட்டுச் சலங்கை கேட்டது. நிமிர்ந்து பார்த்தால், பின்னாலிருந்து வந்த வில்வண்டி பத்தடியில் நிற்கிறது. உள்ளே பண்ணையார் காயாரோகணம் கண்ணை அகல விரித்து அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். வண்டியோட்டி அரசப்பனும் பார்க்கிறான். வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டுப் பார்க்கிறார்கள்.

"ஆத்தாடி! ரெத்தினம் அண்ணன் இறங்கிட்டாரு!" என்றாள் ஒருத்தி.

குறிச்சிமங்கலத்தில் அந்த வார்த்தைக்கு விளக்கம் தேவையில்லை. முன்பெல்லாம் பண்ணையார் வண்டி எதிரே வந்தால் கூலிக்காரர்கள் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். தோள் துண்டு கக்கத்துக்குப் போக வேண்டும். முதுகு வளைய வேண்டும். கை வாயைப் பொத்த வேண்டும். ஆட்சி மாறி, ஊரில் விவசாயக் கூலிகளின் சங்கக் கொடி ஏறிய வருஷம், இந்த நான்கில் ஒன்றைக்கூடச் செய்யாமல் மணியடித்துக்கொண்டே வண்டியைக் கடந்து போன முதல் ஆள் ரெத்தினம்தான். அந்த ஒரு மணிச் சத்தத்துக்காகத்தான் அவரைச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கினார்கள். கெட்ட நேரம், மூக்கைச் சிந்துவதற்கும் அதே நான்கு காரியங்களையும்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

சாயங்காலம் டீக்கடைக்குள் நுழைந்ததுமே ராசு எழுந்து நின்றான். ராசு சங்கத்தின் துணைச் செயலாளர். ரெத்தினத்தைச் சாதாரணமாக 'அண்ணே' என்பான், கோபம் வந்தால்தான் 'தோழர்'.

"தோழர், காலையில என்ன நடந்துச்சு?"

"சளிடா ராசு. மூக்கைச் சிந்தினேன்."

"சளி புடிச்சா மூக்குதானே ஒழுகும்? முதுகு எதுக்கு வளையுது?"

"நிமிர்ந்துக்கிட்டுச் சிந்தினா சட்டையிலல்ல விழும்?"

"துண்டு கக்கத்துக்குப் போச்சே, அது?"

ரெத்தினம் விளக்க வாயெடுத்தார், தும்மல்தான் வந்தது. டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

வெள்ளிக்கிழமை தாலுகா ஆபீசில் கூலிப் பேச்சுவார்த்தை. சம்பா அறுவடைக்குக் கலத்துக்கு அரை மரக்கால் நெல் கூடுதலாக வேண்டும் என்பது சங்கத்தின் கோரிக்கை. பண்ணையாருக்கு எதிர் நாற்காலியில் யார் உட்காருவது என்பதுதான் இப்போது கேள்வி. ராசு நல்லவன்தான், ஆனால் வாய் சூடு. அவன் உட்கார்ந்தால் அஞ்சாவது நிமிஷம் மேஜை கவிழும், அரை மரக்காலும் அதோடு கவிழும். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த அரை மரக்காலை நம்பி உலை காத்திருக்கிறது. ரெத்தினத்துக்கு அது நன்றாகத் தெரியும்.

"நாளைக்குக் காலையில அதே ரோட்டுக்கு வாங்க. இறங்குறேனா இல்லையான்னு ஊரே பார்க்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தார். நம்பிக்கை விஷயத்தில் அவரிடம் என்றைக்கும் பஞ்சம் கிடையாது.

வீட்டில் மலர்கொடி நொச்சியிலையைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆவி புடிச்சிட்டுப் பேசாம ரெண்டு நாள் படுங்க. மூக்கு நின்னா வம்பும் நின்னுடும்."

"செயலாளர் போர்வைக்குள்ள உட்காந்திருந்தா, பண்ணையாருக்குப் பயந்து ஒளிஞ்சிட்டான்னு சொல்லுவானுங்க" என்று சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகக் கூத்தாநல்லூர் போனார்.

அங்கே மீரா உசேன் சைக்கிள் கடை வைத்திருந்தார். மழையோ பனியோ, தினமும் சைக்கிளில்தான் வந்து போவார். சைக்கிளை விட்டு இறங்காமலே மூக்கைச் சிந்துவதில் அவருக்கு நிகர் அந்த வட்டாரத்தில் இல்லை.

"வாங்க செயலாளரே. பஞ்சரா?"

"மூக்குதான் பஞ்சர் பாய். ஓட்டிக்கிட்டே சிந்தக் கத்துக்குடுங்க."

மீரா உசேன் சிரிக்கவில்லை. தொழில் என்று வந்துவிட்டால் அவர் சிரிப்பதில்லை.

"இடது மூக்கச் சிந்தணுமா, வலது மூக்க விரலால அடைங்க. தலைய இடது பக்கம் திருப்புங்க. காத்து எங்கேருந்து வருதுன்னு பார்த்துக்கங்க. அப்புறம் யோசிக்கக் கூடாது, ஒரே மூச்சு. யோசிச்சீங்க, சட்டை போச்சு."

முதல் ஒத்திகையில் சட்டை போயிற்று. அடுத்ததில் கடையில் மாட்டியிருந்த புது டயர் போயிற்று. அதற்கடுத்தது பாதி சரியாக விழுந்தது. "பழகிடுச்சு பாய்!" என்று ரெத்தினம் புறப்பட்டுவிட்டார். டயரைத் துடைத்துக்கொண்டே மீரா உசேன் ஏதோ சொல்ல வந்தார். அதைக் கேட்க ரெத்தினம் நிற்கவில்லை.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில் திருவிழாக் கூட்டம். ராசு கையைக் கட்டிக்கொண்டு மதகின் மேல் உட்கார்ந்திருந்தான். ரெத்தினம் நெஞ்சை நிமிர்த்தி, துண்டைத் தோளில் அகலமாக விரித்துப் போட்டு, மிதித்து வந்தார். எதிரே சலங்கை கேட்டது. அந்த நேரம் பார்த்து மூக்கும் ஒழுகத் தொடங்கியது.

அவர் அசரவில்லை. வித்தை கையில் இருக்கிறதே! வலது மூக்கை அடைத்தார். தலையை இடது பக்கம் திருப்பினார். காற்றைப் பார்த்தார். தலை திரும்பிய பக்கம் சைக்கிளும் திரும்பும் என்பதை மட்டும் பார்க்கவில்லை. சைக்கிள் குறுக்கே பாய்ந்து ஒரு கல்லில் மோதியது. ரெத்தினம் பறந்து போய், வில்வண்டிக்கு நேர் முன்னால், இரண்டு கையையும் நீட்டிக் குப்புற விழுந்தார்.

அரசப்பன் மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான். பண்ணையார் வெளியே எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்து, உதடு நடுங்கியது.

"ஓட்டு அரசப்பா. சுத்திக்கிட்டு ஓட்டு!"

நமக்கு அடிபட்டதில் பண்ணையாரே பயந்துவிட்டார் என்று நினைத்தார் ரெத்தினம்.

"நேத்திக்குக் குனிஞ்சாரு, இன்னைக்கு நெடுஞ்சாண்கிடையா விழுந்துட்டாரு" என்று ராசு மதகிலிருந்து இறங்கினான். "நாளைக்கு என்ன, காலைக் கழுவி விடுவாரா?"

முழங்காலில் மலர்கொடி மஞ்சள் பற்றுப் போட்டபோது ரெத்தினம் நிலைமையை ஆராய்ந்தார். குற்றம் எங்கே? துண்டுதான். துண்டு என்று ஒன்று இருப்பதால்தானே அது தோளிலிருந்து இறங்கியது என்கிறார்கள்? துண்டே இல்லாவிட்டால் எதைச் சொல்வார்கள்? ஒழுகுவதை நிறுத்தவும் வழி கண்டுபிடித்தார். இரண்டு மூக்குத் துளையிலும் பஞ்சை அடைத்துக்கொண்டார்.

காலையில் எழுந்து வந்த மலர்கொடி அவரைப் பார்த்து வீலென்று கத்தினாள்.

"என்னாங்க இது கோலம்! பொணத்துக்கில்ல மூக்கில பஞ்சு வைப்பாங்க! எடுங்க அத!"

"கத்தாத. இன்னைக்கு வியாழக்கிழமை ஒரு நாள்தான்" என்றார் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு.

துண்டில்லாத தோளோடு ரோட்டில் போன பிறகுதான் தன் கணக்கில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரிந்தது. தோளில் துண்டு போடும் உரிமைக்காக அந்தத் தெரு அடி வாங்கியிருக்கிறது. செயலாளரே வெறுந்தோளோடு போனால்? எதிரே வந்த வில்வண்டியில் பண்ணையார் அவருடைய தோளைப் பார்த்தார், மூக்கில் இருந்த பஞ்சைப் பார்த்தார், சட்டென்று வண்டிக்குள் தலையை இழுத்துக்கொண்டார்.

அன்றைக்குச் சங்கக் கூட்டம் பத்தே நிமிஷத்தில் முடிந்தது. வெள்ளிக்கிழமை ராசுதான் பேசுவது என்று முடிவாகிவிட்டது.

"நீங்களும் வாங்க தோழர். ஓரமா நில்லுங்க" என்றான் ராசு.

ரெத்தினம் வீட்டுக்கு வந்து துண்டைத் துவைத்துப் போட்டார். அவமானம் அவருக்கு இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக அந்த அரை மரக்கால்தான் மனசில் நின்றது.

வெள்ளிக்கிழமை ஊரே கிளம்பியது. முன்னால் ராசு சைக்கிளில், பின்னால் நடந்தும் மிதித்தும் ஒரு பட்டாளம், எல்லாருக்கும் கடைசியில் ரெத்தினம். துண்டு தோளில் இருந்தது, பஞ்சை வீட்டிலேயே விட்டுவிட்டார்.

மதகருகே வில்வண்டி நின்றுகொண்டிருந்தது. ராசு மணியை விடாமல் அடித்துக்கொண்டு அதைக் கடந்தான். பண்ணையார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் முழுவதும் போக விட்டார். ரெத்தினத்தின் சைக்கிள் தெரிந்ததும் வண்டியை விட்டு இறங்கினார்.

இறங்கியவர், தோளில் கிடந்த ஜரிகை அங்கவஸ்திரத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார். குனிந்தார். கையை முகத்துக்குக் கொண்டுபோனார்.

முன்னால் போன கூட்டம் திரும்பிப் பார்த்து நின்றது.

ரெத்தினத்துக்கு மட்டும் ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது. படாத பாடு பட்டவர் அல்லவா? 'அட பாவமே, இவருக்கும் ஒட்டிக்கிச்சே!' என்று மனசுக்குள் இரங்கினார். அதே நொடியில் அவருடைய மூக்கும் ஒழுகியது. இந்தத் தடவை யோசிக்கவில்லை. வலதை அடைத்து, தலையைத் திருப்பி, ஒரே மூச்சு. குனிந்து நின்ற பண்ணையாரைத் தாண்டி, சைக்கிள் ஒரு இம்மிகூட ஆடாமல், சளி நேராக வாய்க்காலில் போய் விழுந்தது. மீரா உசேன் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

"பார்றா! கும்புடுறவர் பக்கத்துல மூக்கச் சிந்திட்டுப் போறாரு!" என்று யாரோ கத்தினார்கள். விசிலும் கைதட்டலும் வயல்வெளியை நிறைத்தன. ராசு சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் தண்ணீர்.

"அண்ணே! முன்னால போங்கண்ணே. நீங்கதான் பேசணும்."

'பண்ணையாருக்குச் சளிடா' என்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ரெத்தினம் ஒரு கணம் நினைத்தார். ஆனால் தன் சளியை நம்பாதவர்கள் பண்ணையார் சளியை மட்டும் நம்பவா போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு முன்னால் போனார்.

தாலுகா ஆபீசில் பண்ணையார் எழுந்து நின்றார். "வாங்க ரெத்தினம், உட்காருங்க" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த 'வாங்க' வந்ததில்லை. தாசில்தார் பேனா மூடியைத் திறப்பதற்குள்ளேயே, "அரை மரக்கால்தானே, கொடுத்துடலாம். வேற ஏதாவது வேணுமா?" என்று கேட்டார். ரெத்தினம் கொண்டுபோயிருந்த பேச்செல்லாம் அப்படியே மிச்சம். நாம் நிமிர்ந்து உட்கார்ந்த தோரணைதான் காரியத்தை முடித்தது என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

வெளியே ராசுவும் மற்றவர்களும் அவரைத் தோளில் தூக்கினார்கள். இறக்கிவிட்டதும், ஜெயித்தவனுக்கு உண்டான பெருந்தன்மையோடு வில்வண்டிப் பக்கம் போனார். அரசப்பன் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தான்.

"அரசப்பா, உன் எசமானுக்கு ஓமத்தை வறுத்துத் துணியில கட்டி மோந்து பார்க்கச் சொல்லு. இந்தச் சளி லேசுல விடாது."

"சளியா? எங்க எசமானுக்கா?"

"மதகுகிட்ட இறங்கிக் குனிஞ்சு சிந்தினாரே, நான்தான் பார்த்தேனே!"

அரசப்பன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"சளியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே. 'சங்கத்துச் செயலாளன் ஒரு நாள் குனியுறான், ஒரு நாள் விழுந்து கும்புடுறான், ஒரு நாள் மூக்கில பஞ்ச வச்சுக்கிட்டு எனக்குச் சாவு காட்டிட்டுப் போறான், நம்ம நிலம் பூரா உச்சவரம்புச் சட்டத்துல சர்க்கார் கைக்குப் போகப்போற விஷயம் தெரிஞ்சுதான் நக்கல் பண்றான்டா'ன்னு சோறு தண்ணி இறங்காமக் கெடந்தாரு. துண்டு எங்க போகணும், முதுகு எம்புட்டு வளையணும், கை எந்த இடத்துல பொத்தணும்னு நேத்து மாட்டுக் கொட்டாயில வச்சு என்கிட்டதான் கத்துக்கிட்டாரு!"