மிச்சக் குழி

ஒரு காட்டில், மழை எட்டிக்கூடப் பார்க்காத ஒரு காலத்தில், பூங்காவனம் என்ற யானை தலைவராக இருந்தது. தண்ணீர் மிச்சமிருந்தது ஒரே ஒரு குளத்தில்தான். அதனால் பூங்காவனம் இரண்டு சட்டம் போட்டது. எல்லாரும் வரிசையில் நின்றுதான் குடிக்க வேண்டும். குளத்தங்கரையில் யாரும் யாரையும் தின்னக் கூடாது.

சட்டம் நல்ல சட்டம்தான். பூங்காவனத்தின் வாய்தான் சரியில்லை. தினமும் சாயங்காலம் வரிசைக்கு முன்னால் நின்றுகொண்டு, சிக்கனமாகக் குடிப்பது எப்படி என்று பேசும். பேசிப் பேசித் தொண்டை வறண்டதும் ஒரு தும்பிக்கை நிறையக் குடித்துவிட்டு மறுபடி பேசும்.

"நீங்க மட்டும் ஏன் வரிசையில நிக்கலை?" என்று ஒரு காட்டுப்பன்றி கேட்டது.

"நான் வரிசையில் நின்றால் எனக்குப் பின்னால் இருப்பவர்களுக்குக் குளமே தெரியாது. எல்லாம் உங்கள் நன்மைக்காகத்தான்" என்றது பூங்காவனம்.

பன்றி அந்தப் பதிலை யோசித்து யோசித்து அன்றிரவு தூங்கவே இல்லை.

அந்தக் காட்டில் மார்த்தாண்டன் என்று ஒரு சிறுத்தை இருந்தது. வரிசையில் அதற்கு முன்னால் எப்போதும் ஒரு மான் நிற்கும், பின்னால் ஒரு முயல் நிற்கும். "சாப்பாட்டுக்கு நடுவுல நின்னு வெறுந்தண்ணியைக் குடிச்சிட்டு வீட்டுக்கு வர்றேன். என் நிலைமை யாருக்கும் வரக்கூடாது" என்று அது தன் மனைவியிடம் மட்டும் சொல்லி அழுதது. வெளியில் அப்படிச் சொல்லவில்லை. வெளியில், "வரிசை என்பது அடிமைத்தனம். குடிப்பது பிறப்புரிமை" என்றது.

காட்டுச் சட்டத்தில் பழைய பிரிவு ஒன்று உண்டு. போதுமான பிராணிகள் ஈரக் களிமண்ணில் கால் பதித்துக் கேட்டால், தலைவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைக்கும் தேர்தல் நடத்தியாக வேண்டும். அந்த வறட்சியில் ஈரக் களிமண் இருந்தது குளத்தங்கரையில் மட்டும். வரிசையில் நின்ற எல்லாருடைய காலும் அங்கே தானாகவே பதிந்து கிடந்தது. மார்த்தாண்டன் தேர்தல் அதிகாரியைக் கூட்டி வந்து சேற்றைக் காட்டியது.

"இதோ, மொத்தக் காடும் கையெழுத்துப் போட்டிருக்கு."

தேர்தல் அதிகாரி அருமைநாயகம் ஓர் ஆந்தை. பகலில் அதற்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனால் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். "செல்லும்" என்றது.

தேர்தல் முறை இதுதான். ஒவ்வொரு பிராணிக்கும் இரண்டு கல். முதல் கல்லை 'இருக்கட்டும்' குழியிலோ 'இறங்கட்டும்' குழியிலோ போட வேண்டும். தலைவர் இறங்கினால் அடுத்து யார் என்பதற்கு இரண்டாவது கல். அதற்கு வேட்பாளருக்கு ஒரு குழி. எந்தக் குழியில் கல் அதிகமோ அவர் தலைவர். இறக்கப்பட்டவர் இதில் நிற்கக் கூடாது. இரண்டாவது கல்லைப் போட விருப்பமில்லாதவர்கள் அதைக் கண்ட இடத்தில் எறிந்து யார் காலையும் பதம் பார்க்க வேண்டாம் என்று, அருமைநாயகம் ஓரமாக இன்னொரு குழியும் தோண்டச் சொல்லியிருந்தது. அதற்கு மிச்சக் குழி என்று பெயர்.

மார்த்தாண்டன் முதல் ஆளாக வேட்பு மனு கொடுத்தது. பின்னாலேயே ஒரு கூட்டம் வந்தது. மயில் வந்தது; தான் ஆடினால் மழை வரும், வராவிட்டால் அது மழையின் தவறு என்றது. ஒரு மந்தி வந்தது. குளத்தை மரத்துக்கு மேலே மாற்றுவேன் என்றது. உடும்பு ஒன்று வந்து, வந்ததற்கான காரணத்தை மறந்துவிட்டு, சும்மா போக வெட்கப்பட்டு அதுவும் மனு கொடுத்தது.

கடைசியாக ஒரு கழுதை வந்தது. தாமோதரன் என்று பெயர். ஊர்ப்பக்கத்துச் செங்கல் சூளையில் கல் சுமந்துகொண்டிருந்து, அடி தாங்காமல் ஓடி வந்த கழுதை.

"அக்கா, இது என்ன வரிசை?" என்று மந்தியிடம் கேட்டது.

"தலைவர் பதவிக்கு."

"புல்லு குடுப்பாங்களா?"

"ஜெயிச்சா எல்லாம் கிடைக்கும்" என்றது மந்தி. தாமோதரன் வரிசையில் நின்றது.

காட்டில் சின்னப் பிராணிகளுக்கு என்று ஒரு முற்போக்குச் சங்கம் இருந்தது. திரவியம் என்ற முள்ளம்பன்றி அதன் செயலாளர். சங்கம் உடனே அவசரக் கூட்டம் போட்டது.

சுந்தரவல்லி என்ற பெண் முயல் முதலில் எழுந்தது. போன வாரம்தான் குட்டி போட்டிருந்தது. குளத்தங்கரை வளையில் கண் திறக்காத குட்டிகளை விட்டுவிட்டு வந்திருந்தது. வேட்டைத் தடை போனால் முதலில் போவது அந்த வளைதான் என்று அதற்குத் தெரியும்.

"தோழர், முதல் கல்லை 'இருக்கட்டும்' குழியில போடுவோம். அதுல பேச்சே இல்லை. ஆனா ஒருவேளை தோத்துட்டா? இரண்டாவது கல்லுக்கு நம்ம ஆள் ஒருத்தர் வேணும். ஆமை ஆரோக்கியத்தை நிறுத்துவோமே. எல்லாருக்கும் அவரைப் பிடிக்கும்."

ஆமை அடக்கமாகக் கழுத்தை நீட்டியது.

திரவியம் முள்ளைச் சிலிர்த்தது. "தோழர் சுந்தரவல்லி, இது எதிரியின் சிந்தனை. நம்ம ஆள் அங்கே நின்னா சனம் என்ன நினைக்கும்? 'யானை போனாப் போகட்டும், ஆமை இருக்கே'ன்னு நினைக்கும். யானையை நாமே தள்ளிவிட்ட மாதிரி ஆகும். அதனால நம்ம தரப்பில் யாரும் நிற்கக் கூடாது. இரண்டாவது கல் மொத்தமும் மிச்சக் குழிக்கு. இதுதான் வியூகம்."

"தோத்துட்டா?"

"தோல்வியைப் பத்திப் பேசுறதே பாதித் தோல்வி."

"சரி தோழர், மீதிப் பாதி வந்துட்டா?"

திரவியம் தீர்மானத்தை வாசித்தது. கூட்டம் கைதட்டியது. ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது. பூங்காவனமும் ஆள் விட்டுச் சொல்லியிருந்தது: நம் தரப்பில் யார் நின்றாலும் துரோகி.

சுந்தரவல்லிக்கு அன்று பால் சரியாகச் சுரக்கவில்லை. குட்டிகள் முட்டி முட்டிப் பார்த்தன. மறுநாள் காலையில் அது கிளம்பி, இருக்கும் வேட்பாளர்களில் குறைந்த ஆபத்து யார் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தது. வேட்டைத் தடை பற்றி மயிலிடம் கேட்டது. "என் தோகையைப் பார்த்தியா?" என்றது மயில். மந்தியிடம் கேட்டது. "குளம் மரத்துக்கு மேல வந்துட்டா, முயலுக்கு அங்க என்ன வேலை?" என்றது மந்தி. உடும்பு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னது.

தாமோதரன் ஒரு காய்ந்த புதரை மோந்துகொண்டிருந்தது.

"நீங்க ஜெயிச்சா, குளத்தங்கரையில வேட்டைத் தடை இருக்குமா?"

"வேட்டைன்னா என்னக்கா?"

"சிறுத்தை எங்களைப் பிடிச்சுத் தின்னுறது."

கழுதையின் காது இரண்டும் நிமிர்ந்தன. "ஐயையோ! அது தப்பில்லையா?"

அந்தக் காட்டில் அப்படிச் சொன்ன ஒரே வேட்பாளர் அதுதான்.

அதன்பின் வரிசையில் நிற்கும்போதெல்லாம் சுந்தரவல்லி முன்னாலும் பின்னாலும் கிசுகிசுத்தது. "முதல் கல் 'இருக்கட்டும்'. இரண்டாவது கல் கழுதை." முயல்கள் கேட்டன, அணில்கள் கேட்டன, சில மான்களும் கேட்டன. விஷயம் திரவியத்தின் காதுக்குப் போனது.

"ஒரு வெளியாள்! குளம் எந்தத் திசையில் இருக்குன்னுகூட அவனுக்குத் தெரியாது!"

"தெரியாததால கேட்கிறாரு தோழர். தெரிஞ்சவங்க யாரும் நம்மளைக் கேட்கலையே."

"கொள்கை இருக்கா அவனுக்கு?"

"எங்களைத் தின்னக் கூடாதுங்கறாரு. எனக்கு இப்போதைக்கு அது போதும்."

சுந்தரவல்லியைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்திருக்கக்கூடிய ஒரே ஆளைத்தான் ஏற்கெனவே வெளியே அனுப்பியிருந்தார்களே.

தேர்தல் நாளன்று பூங்காவனம் காலையிலிருந்து பேசியது. வரிசையில் நின்றவர்கள் வெயிலில் கேட்டுக்கொண்டே நகர்ந்தார்கள். 'இருக்கட்டும்' என்று போட வந்த இரண்டு மூன்று எருமைகள் பேச்சு முடியாததால் மனம் மாறிவிட்டன. யானை இறங்கியது. வித்தியாசம் அந்த எருமைகள் அளவுதான்.

அடுத்து இரண்டாவது கற்களை எண்ணினார்கள். வரிசையை வெறுத்தவர்கள் மயிலுக்கும் மந்திக்கும் மார்த்தாண்டனுக்குமாகச் சிதறியிருந்தார்கள். கிசுகிசுப்பு ஒரே குழியில் விழுந்திருந்தது. மற்ற வேட்பாளர்கள் எல்லாரையும்விடக் கழுதைக்குச் சில கற்கள் கூடுதல்.

"தாமோதரன் தலைவர்" என்று அறிவித்துவிட்டு அருமைநாயகம் தூங்கப் போனது.

திரவியம் அன்று மாலையே வெற்றி ஊர்வலம் நடத்தியது. மிச்சக் குழி நிரம்பி வழிந்ததாம். "எந்த வேட்பாளரையும்விட நமக்குத்தான் கல் அதிகம்!" என்று கோஷம் போட்டார்கள். பூங்காவனம் மட்டும் ஒரு மரத்தில் சாய்ந்து நின்று, "நமக்கு என்றால், எனக்கா?" என்று கேட்டது. ஊர்வலம் அதைத் தாண்டிப் போனது.

சுந்தரவல்லி வளைக்குள் போய்க் குட்டிகளை நக்கிக்கொடுத்தது. ஒரு குட்டி கண் திறந்திருந்தது. குட்டிகள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகச் சுந்தரவல்லி அவற்றோடு சேர்ந்து நிம்மதியாகத் தூங்கியது.

நிம்மதி மறுநாள் மதியம்வரைதான். மார்த்தாண்டன் புதுத் தலைவருக்கு ஆலோசகர் ஆகிவிட்டது என்று ஓர் அணில் ஓடி வந்து சொன்னது. சாயங்காலம் குளத்தங்கரை மேட்டில் ஏறி, வேட்டைத் தடை ரத்து என்று தலைவர் அறிவிக்கப் போகிறாராம்.

சுந்தரவல்லி தலைதெறிக்க ஓடியது. தாமோதரன் ஆலமரத்தடியில் தனியாக நின்று, சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தது. "ரத்து, ரத்து, ரத்து."

"அதுக்கு அர்த்தம் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாதுக்கா. சொன்னா ஒரு சுமை புல்லு தர்றேன்னு சிறுத்தை ஐயா சொன்னாரு."

"அதைச் சொன்னா எங்களைத் தின்னுவாரு. என் பிள்ளைங்க இன்னும் நடக்கக்கூட ஆரம்பிக்கலை."

கழுதை மனப்பாடம் செய்வதை நிறுத்தியது. "அப்போ புல்லு?"

சுந்தரவல்லியிடம் ஒரு பொய் தயாராக இருந்தது. மேற்கே ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கிறது, நான் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கழுதையின் விலா எலும்புகளைப் பார்த்ததும் அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"இந்தக் காட்டுல புல்லே இல்லை தாமோதரா. தலைவருக்கும் இல்லை, ஆலோசகருக்கும் இல்லை. மழை பெய்யாம யாராலயும் தர முடியாது. சிறுத்தை புல்லைத் தொட்டதுகூட இல்லை."

தாமோதரனின் கண் கலங்கியது. "சூளையில அடிப்பாங்கக்கா. ஆனா சாயங்காலமானா வைக்கோலு போட்டுடுவாங்க" என்றது.

சாயங்காலம் காடே மேட்டடியில் கூடியது. மார்த்தாண்டன் முன்வரிசையில், சுந்தரவல்லிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டது. தாமோதரன் மேட்டில் ஏறி எல்லாரையும் பார்த்தது. முயலைப் பார்த்தது.

"இங்க புல்லு இல்லையாம். எனக்கு யார் மேலயும் கோபமில்லை. நான் கிளம்புறேன்."

மேட்டின் அந்தப் பக்கமாக இறங்கி, ஊரைப் பார்த்து நடந்துவிட்டது.

மார்த்தாண்டன் துள்ளி எழுந்தது. "கழுதைக்கு அடுத்த அதிகக் கல் எனக்குத்தான்! நான்தான் தலைவர்!"

சுந்தரவல்லி ஓடத் தயாராகப் பின்னங்காலை ஊன்றிக்கொண்டது. அப்போது திரவியம் எழுந்தது. முயலைக் காப்பாற்ற எழவில்லை. சட்டத்தில் ஒரு தவறு நடந்தால் அதற்குப் பொறுக்காது.

"அதிகாரி அவர்களே, 'எந்தக் குழியில் கல் அதிகமோ' என்றுதான் விதியில் இருக்கிறது. எந்த வேட்பாளருக்கு என்று இல்லை. மிச்சக் குழியில்தான் கல் அதிகம்."

"மிச்சக் குழின்னா யாரு?" என்று உறுமியது மார்த்தாண்டன்.

"யாருமில்லை."

அருமைநாயகம் ஒரு கண்ணைத் திறந்தது. மறுதேர்தல் என்றால் மறுபடி பகலில் விழித்திருக்க வேண்டும். "யாருமில்லை தலைவர். பதவி ஏற்றாகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டது.

அப்புறம்தான் மார்த்தாண்டனுக்கு விஷயம் உறைத்தது. வேட்டைத் தடையை ரத்து செய்யத் தலைவர் மேட்டில் ஏறிச் சொல்ல வேண்டும். தலைவர் இல்லை. சரி, தலைவரை இறக்கலாம் என்றால், அதிகாரி "யாரை?" என்று கேட்டது. "யாருமில்லையை" என்றது மார்த்தாண்டன். "யாரையும் இல்லையென்றால் எதற்கு என்னை எழுப்பினாய்?" என்றது அதிகாரி.

சட்டம் அப்படியே நின்றது. வரிசையும் நின்றது. யாரும் பேசாததால் முன்பைவிட வேகமாகவே நகர்ந்தது.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், மிச்சக் குழி வியூகத்தை வகுத்ததற்காகத் திரவியத்துக்கு மாலை போட்டார்கள். "எல்லாம் இப்படித்தான் முடியும் என்று ஆரம்பத்திலேயே கணித்தேன்" என்றது திரவியம். சுந்தரவல்லியை மறுபடி சேர்த்துக்கொள்ள ஒரு தோழர் முன்மொழிந்தார். ஒழுங்கு நடவடிக்கையை ரத்து செய்யும் அதிகாரம் யாருக்கு என்பதில் தகராறு வந்து, முடிவு ஒத்திவைக்கப்பட்டது.

சுந்தரவல்லி அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. அந்த நேரத்தில் அது குட்டிகளை முதல் தடவையாகக் குளத்துக்கு நடத்திக்கொண்டு வந்திருந்தது. வரிசையில் பின்னால் மார்த்தாண்டன் நின்றது. குட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டது.

"ஏம்மா, எல்லாம் உன்னுதா?"

"ஆமாய்யா."

"நல்லா கொழுகொழுன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, தலையைக் குனிந்து தன் முறைக்குக் காத்திருந்தது.

இதனால் அறியப்படும் நீதி: எந்தப் போராட்டத்துக்கும் ஒரு வியூகம் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால், தற்செயலாகக் கிடைக்கும் வெற்றிக்கு யாருக்கு மாலை போடுவது?