பாண்டியம்மாளின் தூக்குவாளியும் என் வேகக் கணக்கும்

சம்பவம்: 19-11-1974, செவ்வாய்க்கிழமை, மாலை நான்கு மணி நாற்பது நிமிடம். கம்பம்மெட்டு மலைப்பாதை, இறக்கம். ஜீப்பில் என்னோடு சேர்த்துப் பதினைந்து பேர்.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் சுந்தர்ராஜ் எழுதிக்கொள்வது. நான் நலம். பதிமூன்று பெண்களும் நலம். அவர்கள் நலமாக இருப்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். அத்தையின் மூட்டுவலி குறைந்திருக்கும் என நம்பி மேலே செல்கிறேன்.

வரும் வெள்ளிக்கிழமை உத்தமபாளையத்தில் எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். அது கிடைத்தால்தான் போடியில் நம் டிரைவிங் ஸ்கூல். நீங்களோ அதற்குள் என் மெக்கானிக்கல் டிப்ளமோவையும் சேர்த்து 'பயிற்சியாளர்: சுந்தர்ராஜ், டி.எம்.இ.' என்று போர்டே எழுதி வைத்துவிட்டீர்கள். அதனால்தான் ஏலக்காய் எஸ்டேட் ஜீப்பில், டிரைவர் மிக்கேல் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகினேன். எல் போர்டு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது, தெரியும். இறங்கச் சொன்னேன். வேலை முடிந்து கம்பத்துக்கு வீடு திரும்பும் பெண்கள் யாரும் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

நான் கண்மூடித்தனமாக ஓட்டவில்லை மாமா. சரிவு, சுமை, வளைவின் ஆரம் எல்லாம் கணக்குப் போட்டு, நேர்ப்பாதையில் இருபது கிலோமீட்டர், கொண்டை ஊசி வளைவில் பதினைந்து என்று காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். மீட்டர் முள் இருபதில் அசையாமல் நின்றது, எனக்குப் பெருமை தாங்கவில்லை, அப்போது பின்னாலிருந்து பாண்டியம்மாள் என்ற பெண், "தம்பி, முப்பதத் தாண்டியாச்சு. கொறைங்க" என்றாள். "இருபதும்மா, மீட்டரே சொல்லுது" என்றேன். "மீட்டரு கெடக்கு. எந் தூக்குவாளி சொல்லுது. இருபதுல மூடி கிணுகிணுக்கும், முப்பதுன்னா கைப்பிடி அடிக்கும். மிக்கேலண்ணே கடியாரத்த வச்சு, கிலோமீட்டர் கல்லுக்குக் கல்லு ரெண்டு நிமிசம்னா முப்பதுன்னு பாத்து வச்சிருக்கேன்" என்றாள். நான் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் வளைவு வந்துவிட்டது, முள்ளைச் சரியாகப் பதினைந்துக்கு இறக்கித்தான் திருப்பினேன், ஆனால் வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்து மலைப் பக்கத்து டயர் தரையை விட்டு எழும்பியது.

அந்த நொடியில், யாரும் யாருக்கும் சொல்லாமல், பதிமூன்று பேரும் ஒரே உடம்பாக மலைப் பக்கம் சாய்ந்தார்கள் மாமா! டயர் மறுபடி தரையைத் தொட்டது. என் கணக்கில் சுமை என்பது அசையாத சுமை. சுமையே சேர்ந்து வண்டி ஓட்டும் என்று எந்த வாத்தியாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வண்டியை நிறுத்தி, இறங்கி, மீட்டரைத் துடைத்துப் பார்த்தேன். அழுக்குக்கு அடியில் 'மைல்' என்று எழுதியிருந்தது. இருபது மைல் என்றால் முப்பத்திரண்டு கிலோமீட்டர்!

"பட்டாளத்து ஏலத்துல எடுத்த பழைய வண்டில்ல, மைலுதான் காட்டும்" என்றார் மிக்கேல் அண்ணன்.

"சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"நீங்க படிச்சவுக. தெரியும்னு நெனச்சேன்."

ஆகவே மாமா, வெள்ளிக்கிழமை டெஸ்டுக்கு நான் போகப் போவதில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. போர்டில் என் பெயர் மேல் வெள்ளையடித்துவிடுங்கள். உங்களுக்கும் அத்தைக்கும் கர்த்தர் நல்ல சுகமும், என்னைத் திட்டாமலிருக்கும் பொறுமையும் தருவாராக.

இப்படிக்கு,
சுந்தர்ராஜ்

பி.கு.: இன்று வியாழன். மேலே எழுதிய முடிவு செல்லாது. தபாலில் போடச் சொல்லிக் காலையில் இதை மிக்கேல் அண்ணனிடம் கொடுக்கப் போனேன், பெண்கள் ஜீப்பில் ஏறாமல் நின்றார்கள். "டெஸ்டுக்குப் போகலையாமே, மிக்கேலண்ணே சொன்னாக?" என்றாள் பாண்டியம்மாள். "இந்த வண்டிய இதுவரைக்கும் நாலு டிரைவரு ஓட்டிருக்காக. நாங்க கத்துனா இன்னும் வெரசாப் போவாக. நிப்பாட்டி எறங்கிப் பாத்தது நீங்க ஒருத்தருதேன். போயி லைசென்ஸ எடுங்க." அந்த நாலு பேரில் ஒருவரான மிக்கேல் அண்ணன் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இனி நான் செய்யப்போவது:

1. நாளை டெஸ்டுக்குப் போவது.
2. மீட்டர் மேல் கிலோமீட்டர் எண்களை எழுதி ஒட்டுவது.
3. லைசென்ஸ் வரும்வரை எஸ்டேட் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து, அவர்களோடு சாயக் கற்றுக்கொள்வது.