கூலியில்லாக் கூரை

எக்ஸல் கணக்குத் தெரியும் என்ற ஒரே தைரியத்தில், பெற்ற தாயை வீட்டுக்குள்ளேயே குடை பிடித்துச் சமைக்க வைத்த பெருமை எனக்கு உண்டு. இத்தனை நாள் இதை நானாக வெளியில் சொன்னதில்லை. எங்கள் குடும்பம்தான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதே, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. புக்கிட் செந்தோசாவில் வீடு, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை. ஆணியோ டயரோ, எது வாங்கினாலும் மூன்று கடையில் விலை கேட்டு, அடித்துப் பேசி, பட்டியல் போட்டுத்தான் வாங்குவேன். மேனேஜர் ஒருமுறை நாலு பேர் முன்னால் என்னைப் பாராட்டித் தொலைத்தார். (அன்று பிடித்தது சனி.) அதன் பிறகு வீட்டில் உப்பு வாங்குவதற்குக் கூட நான் பட்ஜெட் போடத் தொடங்கினேன்.

அம்மாவும் தங்கை செல்வியும் கோல சிலாங்கூர் பக்கம் இருந்தார்கள். அப்பா வேலை செய்த தோட்டத்தை முதலாளி விற்றபோது அவருக்குக் கிடைத்த சின்ன வீடு அது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் போட்ட தகரக் கூரையும் போகிற நிலையில் இருந்தது. மழை வந்தால் ஹாலில் நான்கு வாளி, அறையில் இரண்டு. எந்த வாளி எந்த இடத்துக்கு என்று அம்மாவுக்கு மனப்பாடம்.

செல்விக்கு முப்பத்தொரு வயது. முன்பு ஒரு சம்பந்தம் பேசி முடிக்கிற நேரத்தில் தட்டிப்போயிருந்தது. யார் முன்னாலும் அழாத பெண், அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். இப்போது உலு யாமிலிருந்து நல்ல இடம் வந்திருந்தது. பையனை அவளுக்கும் பிடித்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பரிசம் போட வருகிறார்கள். வாளிகளுக்கு நடுவில் சம்பந்தியை எங்கே உட்கார வைப்பது? அதற்குள் கூரையை மாற்றியே தீரவேண்டும்.

ஒரு கண்ட்ரேக்டர் வந்து பார்த்துவிட்டுப் பன்னிரண்டாயிரம் வெள்ளி என்றார். அதில் பாதிக்கு மேல் கூலி. எனக்கு ரத்தம் கொதித்தது. சுங்கை ஆயர் தாவாரில் இருக்கும் மாணிக்கம் மாமாவுக்குப் போன் போட்டுப் புலம்பினேன். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. சொந்தமாக ஒரு சின்ன லோரி வைத்துத் தேங்காய் ஏற்றுபவர்.

"நம்ம ஆளுங்க இருக்கறப்ப எதுக்கு பரமு கண்ட்ரேக்டு? தோட்டத்துல லயத்துக்கு லயம் எல்லா வீட்டுக்கும் தகரம் மாத்துனவன்லா நானு. காலைல ஏறுனா சாயங்காலம் எறங்கிறலாம்."

அடுத்து, அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "நான் இல்லாம எங்கண்ணன் வீட்டுக்குக் கூரையா? விடிய வந்து நிக்கறேன்மா" என்றார். மாமாவின் மூன்று மகன்கள், சித்தப்பாவின் இரண்டு மருமகன்கள். ஆள் சேர்ந்துவிட்டது.

அன்றே அம்மா வீட்டில் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். தகரம் இவ்வளவு, திருகாணி இவ்வளவு, மரச்சட்டம் இவ்வளவு. மாமா, சித்தப்பா என்று ஆளுக்கு ஒரு வரி போட்டு, எதிரே கூலி சைபர். தகரம் ஏற்றிவர மாமாவின் லோரி, வண்டிக்கூலி சைபர். ஏணியும் மாமாவுடையது, வாடகை சைபர். மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். வேலையைச் சனிக்கிழமை வைத்தேன். சொந்தக்காரர்கள் அப்படியே தங்கி மறுநாள் பரிசத்தையும் பார்த்துவிட்டுப் போனால் ஒரே பெட்ரோல் செலவு அல்லவா? (என் புத்திசாலித்தனத்தை நினைத்து அன்று நானே சிரித்துக்கொண்டேன். அதுதான் கடைசிச் சிரிப்பு.)

பட்டியலின் கடைசியில் பூசைச் சாமான்: சூடம் ஒரு பொட்டலம், தேங்காய் ஒன்று.

அம்மா எட்டிப் பார்த்தார். "தேங்கா ஒண்ணு போதுமாடி?"

"எத்தன கூரை போடறோம்? ஒண்ணுதானேம்மா?"

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பழைய தகரத்தைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்கள். கழற்றுவது என்றால் எல்லோருக்கும் கொண்டாட்டம். பத்து மணிக்கெல்லாம் வீடு மொட்டை. மாமா ஒன்பது மணிக்கே லோரியை எடுத்துக்கொண்டு தகரக் கடைக்குப் போயிருந்தார். பத்தரைக்கு ராகு காலம் முடிகிறது; பதினொன்றுக்குள் பூசை போட்டு முதல் தகரத்தை ஏற்றுவதாகப் பேச்சு.

பதினொன்று ஆகியும் மாமா வரவில்லை. கடையில் தகரம் வெட்டிக்கொடுக்கத் தாமதமாம். "நல்ல நேரம் போவுதுமா" என்றார் சித்தப்பா. சரி, போய் வருகிறவர் வரட்டும், வேலை நடக்கட்டும் என்று ஸ்டோர்காரி புத்தியில் தேங்காயை எடுத்துச் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவரும் சாமி கும்பிட்டு வாசலில் ஓங்கி உடைத்தார். கச்சிதமாக இரண்டாகப் பிளந்தது. எல்லோரும் நல்ல சகுனம் என்றார்கள். சித்தப்பா அந்த உற்சாகத்தோடு ஏணியில் ஏறி விட்டத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கால் மணி நேரத்தில் மாமாவின் லோரி வந்தது. இறங்கியவர் வாசலில் கிடந்த தேங்காய் மூடியைப் பார்த்தார்.

"யாரு ஒடைச்சது?"

விட்டத்திலிருந்து சித்தப்பாதான், "வாங்க மச்சான்!" என்றார்.

அக்காள் வீட்டு விசேஷத்தில் தாய்மாமனுக்குத்தான் முதல் மரியாதை என்பது எங்கள் குடும்பத்தில் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் என் பட்டியலில் அதற்குக் கட்டம் இல்லை. கூலிக்கு வந்தவர் என்றால் "வேலையைப் பாருங்கண்ணே" என்று சொல்லலாம்; சும்மா வந்த மாமாவிடம் என்ன சொல்வது?

மாமா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். "சரிம்மா. நல்லா இருங்க" என்றார். பிறகு மகன்கள் பக்கம் திரும்பி, "டேய், ஏணிய எடுத்து வெச்சிட்டு ஏறுங்கடா."

லோரி கிளம்பியது. மூன்று மகன்களும் போனார்கள். ஏணியும் போனது. நான் காசு கொடுத்து வாங்கிய அத்தனை தகரமும் அதே லோரியில் அடுக்கியபடி, எங்கள் கண்ணெதிரே சுங்கை ஆயர் தாவாரை நோக்கிப் போனது. ஒரு வீட்டின் கூரை கோபித்துக்கொண்டு போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

"அடியே, நான் எப்படி எறங்கறது?" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. பக்கத்து வீட்டில் ஏணி கேட்டுச் சித்தப்பாவை இறக்கவே முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் கடல் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு மேலே கட்ட ஒரே ஒரு கென்வஸ் விரிப்புதான் கிடைத்தது. அதை அறைக்கு மேல் கட்டிப் பரிசப் புடவையைக் காப்பாற்றினோம். அடுப்படிக்கு ஒன்றும் இல்லை. அம்மா ஒரு கையில் குடையும் மறு கையில் கரண்டியுமாக, வந்தவர்களுக்காக ஆட்டுக்கறி கிண்டினார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. செல்விதான் நனைந்த தலையோடு கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு மாமா இல்லாம எனக்குப் பரிசத் தட்டு யாருக்கா வாங்குவாங்க?"

எனக்குக் கூரை மறந்தே போனது. மாமாவோ போனை எடுக்கவில்லை. கார்ச் சாவியை எடுத்து, காடியை நேராகச் சுங்கை ஆயர் தாவாருக்கு விட்டேன்.

மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே லோரி, அதில் எங்கள் கூரை.

"வாம்மா, சாப்பிட்டியா?"

தாய்மாமன் இப்படி மரியாதையாகக் கேட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"மாமா, தெரியாம செஞ்சிட்டேன். மன்னிச்சிருங்க."

"எனக்கென்னம்மா மரியாதை? நான் என்ன தோட்டத்துல வேல வாங்கற மண்டோரா, கணக்கு எழுதற கிராணியா? உன் கணக்குல நானெல்லாம் வருவேனா?"

"ஐயோ, வர்றீங்க மாமா! முதல் ஆளே நீங்கதான்!" என்று அவசரமாகப் போனைத் திறந்து பட்டியலை நீட்டினேன்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். விரலால் தேடி நிறுத்தினார். பிறகு சத்தமாகப் படித்தார். "மாமா... சைபர்."

பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். "அது... செலவு இல்லைன்னு..." என்று இழுத்தேன். அழுகை வந்துவிட்டது. முப்பத்து நான்கு வயதில், ஸ்டோர் சூப்பர்வைசர், மூக்கை ஒழுகவிட்டு அழுதேன்.

மாமா இன்னும் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ஒரு வரி கீழே இறங்கியது. முகம் மெல்ல மாறியது.

"உங்க சித்தப்பனும் சைபர்தானா?"

"ஆமா மாமா."

"நெசமாவா?"

"சத்தியமா மாமா. பத்து காசு கூடப் போடல."

கண்ணாடியைக் கழற்றி மடித்து வைத்தார். "ஏ, பிள்ளைக்குக் காப்பி கொண்டா!" என்று உள்ளே அத்தைக்குக் குரல் கொடுத்தார். நான் கிளம்பும்போது ஒரு சாக்குத் தேங்காயை என் காடியில் ஏற்றினார். "வெச்சுக்க. ஒண்ணு வாங்கிட்டு வந்து குடும்பத்தக் கெடுக்காத."

ஞாயிறு காலை ஏழரைக்கு லோரி வந்துவிட்டது. மாமா முதல் தேங்காயை உடைத்தார். அடுத்ததைத் தானே எடுத்துச் சித்தப்பாவிடம், "இந்தாங்க மச்சான்" என்று நீட்டினார். அதன் பிறகு ஆளாளுக்கு உடைத்தார்கள். கூரை வேலை பறந்தது. ஆனால் எங்கள் துரதிர்ஷ்டம், சம்பந்தி வீட்டார் பத்து மணி என்று சொல்லிவிட்டு ஒன்பதரைக்கே வந்து இறங்கினார்கள்.

வெள்ளை ஜிப்பாவும் வேட்டியுமாகச் சம்பந்தி ஹாலுக்குள் வந்தார். அண்ணாந்து பார்த்தார். மேலே பாதி தகரம், பாதி வானம், நடுவில் மாமாவின் கால்கள். செல்வி அறை வாசலில் பட்டுப்புடவையோடு சிலையாக நின்றாள். நான் வாயில் வந்ததை உளறினேன். "வெளிச்சத்துக்குங்க... போட்டோ நல்லா வரும்னு..."

சம்பந்தி என்னைப் பார்க்கவேயில்லை. "இன்னும் எத்தன தகரம் பாக்கி?" என்று மாமாவைக் கேட்டார்.

"ஆறுங்க."

"அட, அப்ப நான் என்னா சும்மா நிக்கறேன்?" என்று ஜிப்பாவைக் கழற்றி மாப்பிள்ளை கையில் கொடுத்தார். மாப்பிள்ளை அதை என் கையில் கொடுத்துவிட்டு அவருக்கு முன்னால் ஏறிவிட்டார். செல்வி அப்போதுதான் சிரித்தாள். பதினொன்றரைக்கு, புதுக் கூரையின் கீழே, எல்லோர் தலையிலும் மரத்தூளோடு, மாமா பரிசத் தட்டை வாங்கினார். தகரச் செலவோடு, இரண்டு குடும்பத்துக்கும் இரண்டு நாள் போட்ட சோறு, கறி, பீர், பெட்ரோல் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். கண்ட்ரேக்டர் சொன்னதைவிட நானூறு வெள்ளி அதிகம்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். அடுத்த மழையில், ஹாலில் சரியாக ஓர் இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. சம்பந்தி ஆசையாகத் தன் கையால் திருகாணி போட்ட தகரம். மாமா மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "முழுத் தகரத்தையும் கழட்டணும் பரமு, பட்ஜெட் போடு" என்றார். நான் அங்கே ஒரு வாளியை வைத்துவிட்டேன்.

செல்வியின் தலைத்தீபாவளிக்குச் சம்பந்தி வந்தார். வாளியை ஒளித்துவைத்தோம். நல்ல மழை. அவர் போய் உட்கார்ந்ததும் அதே இடம். முறுக்கைக் கடிக்கிற நேரத்தில், அவருடைய வழுக்கைத் தலையில் டொக்கென்று ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். செல்விக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாருங்க இந்த எடத்துல தகரம் போட்டது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமா, மானம் மரியாதை என்று வந்தால் யாரையும் விடாத எங்கள் மாணிக்கம் மாமா, செல்வியை ஒரு தடவை பார்த்தார். அதிரசத்தை மெதுவாக மென்று விழுங்கினார்.

"நான்தாங்க போட்டேன். வயசாயிருச்சு, கண்ணு சரியாத் தெரியல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கண்ணாடி உடைந்தாலும், சாம்பாரில் உப்பு கூடினாலும், செல்வியின் பிள்ளை சுவரில் கிறுக்கினாலும், யார் செய்தது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் "மாமா!" என்போம். மாமாவும் எந்த மூலையில் இருந்தாலும் கையைத் தூக்கிவிடுவார்.