இரும்புப் பூனைகளும் ஒரு ழகரமும்

மரியாதைக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் ஒரே தம்பி எழுதிக்கொண்டது. நான் இங்கே நலம். என் இடது காது முழு நலம், வலது காது முக்கால் நலம். நீயும் அத்தானும் அத்தானின் முழங்காலும் அதேபோல் நலமாக இருக்க விரும்புகிறேன். இதைத் தொலைபேசியில் சொல்லாமல் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொலைபேசியில் இரண்டாவது வாக்கியத்திலேயே நீ குறுக்கிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

நீ என்னை எதற்கு அனுப்பினாய் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "போடா, அவளைக் கையோட கூட்டிட்டு வா, மூணே நாள்" என்றாய். இன்று பதினேழாவது நாள். நில அளவை அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் உன் மகளுக்குக் கிடைத்திருப்பது பரீட்சை எழுதி, நேர்காணல் முடித்து, முந்நூறு பேரைத் தாண்டி வாங்கிய வேலை. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். அவளோ ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாள். அவளைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்காரவைப்பது என் பொறுப்பு. இதில் ஓர் எழுத்தையும் நான் மறக்கவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் அச்சகத்தில் பிழை திருத்தியவன் எழுத்தை மறப்பதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டு.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு மண்டபத்தின் பின்வாசலில் வேனிலிருந்து பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குழுவில் மொத்தம் மூன்றே பேர். பாடுகிறவனைப் புயல் என்கிறார்கள். தோள்வரை முடி, கை முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறான், யாராவது சத்தமாகப் பேசினால் பயந்துவிடுவான். கிட்டார் வாசிக்கிறவனுக்கு மௌனம் என்று பெயர். ஐந்தாம் நாள்தான் அவன் என்னிடம் முதன்முதலாகப் பேசினான், அதுவும் "மாமா, என் கிட்டார் மேல உட்கார்ந்திருக்கீங்க" என்று. மூன்றாவது உன் மகள். இவர்களைத் தவிர வேன் ஓட்டும் டிரைவர். அவருக்குப் பாட்டு என்றாலே தலைவலி, நிகழ்ச்சி முடியும்வரை வேனில் கண்ணாடியை ஏற்றிவிட்டுச் செய்தித்தாள் படிப்பார். உன் மகள் என்னைப் பார்த்து, "மாமா! என்ன இந்தப் பக்கம்?" என்றாள். "உன்னைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றேன் கண்டிப்பாக. "சரி, அந்த முனையைப் பிடிங்க" என்று ஓர் ஒலிபெருக்கியைக் காட்டினாள். பேச்சுவார்த்தை அத்துடன் நின்றது. அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் மூச்சு விடலாம், அல்லது பேசலாம், இரண்டும் முடியாது.

பெட்டியை மேடையில் வைத்து நிமிர்ந்தபோதுதான் அதைப் பார்த்தேன். அவளுடைய பெரிய டிரம்மின் முகப்பில், ஓரடி உயர எழுத்தில், குழுவின் பெயர்: 'இரும்பு பூனைகள்'. ஒற்று இல்லை. நீயே சொல்லு அக்கா, நான் வேறு என்ன செய்திருக்க முடியும்? சட்டைப்பையில் சிவப்பு மார்க்கர் இருந்தது. இரண்டு சொல்லுக்கும் நடுவில் கீழேயிருந்து குத்துகிற கூரைக் குறியை, விட்டுப்போன எழுத்தைச் சேர்க்க அச்சகத்தில் நாங்கள் போடுவதை, போட்டு, மேலே 'ப்' எழுதினேன். "ஐயோ மாமா, அது என் டிரம்மு!" என்றாள். "டிரம் உன்னோடது, தமிழ் உன்னோடது மட்டும் இல்லையே" என்றேன். யாரோ அதைப் படம் பிடித்து அடுத்த ஊர்ச் சுவரொட்டியில் போட, அச்சடித்தவன் குறியையும் சேர்த்தே அடித்துவிட்டான். மூன்றாவது ஊரில் பெண் பிள்ளைகள் கன்னத்தில் சிவப்பாக அந்தக் குறியை வரைந்துகொண்டு வந்து நின்றார்கள். நான் அதற்காகக் கண்ணைக் கெடுத்துக்கொண்ட முப்பத்தெட்டு ஆண்டில் ஒருவர்கூட அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

அன்று மாலை ஆறரைக்கு நிகழ்ச்சி. எப்படியும் ஒரு நிகழ்ச்சி முடிந்துதானே கூட்டிக்கொண்டு வரமுடியும் என்று, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, டிரம்ஸுக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்தேன். உன் மகள் முதல் அடி அடித்ததும் என் பையிலிருந்த மூக்குக்கண்ணாடி தானாக வெளியே வந்தது. அவள் எப்படி அடிக்கிறாள் என்று கேட்பாய். நீ கோபத்தில் பாத்திரம் துலக்கும்போது ஒரு தாளக்கட்டு வருமே, அதேதான், கொஞ்சம் பெருக்கிக்கொள். இதையெல்லாம் எங்கேதான் கத்துக்கிட்டாளோ என்று இனிமேல் யாரையும் கேட்காதே. எல்லாம் நன்றாகத்தான் போனது, புயல் அந்தப் பாட்டை எடுக்கும்வரை. 'விழு! எழு! மறுபடி விழு!' என்பது பல்லவி. அவன் பாடியதோ 'விளு! எளு! மறுபடி விளு!'. அதற்குப் பிறகு எல்லா வாத்தியமும் நின்று, நான்கு எண்ணும்வரை அமைதி. அந்த அமைதியில் நான் எழுந்து நின்று, "ழ!" என்று கத்திவிட்டேன். திட்டம் போட்டுச் செய்ததில்லை அக்கா. தும்மல் வந்தால் திட்டம் போட்டா தும்முகிறோம்? உன் மகளுக்காக வைத்திருந்த மைக் அதைப் பிடித்து மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. பிறகு அறுநூறு பேர் ஒன்றாக, "ழ!" என்றார்கள். அறுநூறு பேரும் சரியாகச் சொன்னார்கள். எனக்குக் கண் கலங்கியது. பஞ்சு அடைத்ததால் வந்த உபாதையாகவும் இருக்கலாம்.

மறுநாள் கிளம்பலாம் என்றால் வேன் நின்றுவிட்டது. அதற்கடுத்த நாள் மழை வருவதுபோல் இருந்தது. வரவில்லை, ஆனால் வருவதுபோல் இருந்ததை நீ மறுக்க முடியாது. அதற்குள் அடுத்த ஊரில், "ழ எங்கே? ழ மாமா எங்கே?" என்று கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஆறாம் நாள் உறுதியாகப் பெட்டியோடு பேருந்து நிலையம் போனோம். அங்கே ஒரு கல்லூரிக் கூட்டம் என்னைச் சூழ்ந்துகொண்டு ஆளுக்கொரு ழ கேட்டது. கேட்டதை இல்லையென்று சொல்லி நம் அம்மா நம்மை வளர்க்கவில்லை. பேருந்து அந்த நேரம் பார்த்துப் போய்விட்டது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சரி, நோயை வேரிலேயே தீர்த்துவிடுவோம், புயலுக்கு ழ வந்துவிட்டால் என் வேலை முடிந்தது, ஊர் திரும்பலாம் என்று வேனிலேயே வகுப்பு ஆரம்பித்தேன். "உன்னுடைய பிழை என்னவென்று தெரிகிறதா?" என்றேன். "தெரியுது மாமா, ளகரப் பிளை" என்றான். தலையில் கை வைத்துக்கொண்டேன். "நாக்கை மடி. மேலே தொடாதே. தொடப்போறேன்னு பயம் மட்டும் காட்டு." அவன் பயம் காட்டினான். ஊருக்கு ஊர் நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம். கழுத்து, புழு, தாழ்ப்பாள், கிழமை, முழங்கை என்று வேனே அதிர்ந்தது. மௌனம் ஒரே தடவையில் சரியாகச் சொல்லிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டான். டிரைவருக்கு மட்டும் கடைசிவரை வரவில்லை. "எனக்கு எதுக்குங்க அது? நான் இருவது வருசமா ள வச்சே ஓட்டிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

பதினான்காம் நாள் புயலுக்கு ழ வந்தது. அன்று மாலை மண்டபத்தில் எண்ணூறு பேர். அவன் கண்ணை மூடிக்கொண்டு, 'விழு! எழு! மறுபடி விழு!' என்று பாடினான். தேன் மாதிரி ழ. வாத்தியங்கள் நின்றன. நான் எழுந்து வாயைத் திறந்தேன். திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மூடிக்கொண்டேன். எண்ணூறு பேரும் என்னையே பார்த்தார்கள். பின்வரிசையில் ஒருவன், "யோவ், தப்பாப் பாடுய்யா!" என்றான். புயல் மறுபடி பாடினான். மறுபடியும் சரியாகவே வந்தது. "மாமா, தப்பா வரமாட்டேங்குது மாமா!" என்று என்னைப் பார்த்து உதடு பிதுக்கினான். அக்கா, ஒரு பிழை வராதா என்று என் ஆயுளில் நான் ஏங்கியது அந்த ஒரு நிமிடம்தான். என் பழைய முதலாளி கேட்டால் என் ஓய்வூதியத்தையே நிறுத்தச் சொல்வார். அப்போது பார், மண்டபத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு டிரைவர் உள்ளே வந்தார். வெளியே யாரோ வேனை மறித்து வண்டி நிறுத்தியிருந்தார்களாம். அந்த முழு அமைதியில், கையில் செய்தித்தாளோடு, "கொஞ்சம் வளி விடுங்கய்யா!" என்றார். வளி என்றால் காற்று. எண்ணூறு பேரைப் பார்த்துக் காற்று விடச் சொல்லியிருக்கிறார் மனுஷன். என்னையறியாமல், "ழ!" என்றேன். அதன்பிறகு என்ன நடந்தது என்று எழுத எனக்குச் சொல் போதாது. மண்டபத்தின் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். இப்போது டிரைவருக்கும் ஒரு மைக் கொடுத்திருக்கிறோம். தலைவலி போய்விட்டதாம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வருகிறார்.

இந்த இக்கட்டுகளுக்கு நடுவில்தான் உன் மகளைத் திருப்ப நான் போராடிக்கொண்டிருக்கிறேன். தினமும் காலையில் அவளிடம் வேலையைப் பற்றிப் பேசுகிறேன். அவள் பிடிவாதக்காரி, அத்தான் வழி. ஆனாலும் ஞாயிறு மாலை இங்கே நிகழ்ச்சி முடிந்ததும் அவளை வண்டியேற்றி, திங்கள் காலை ஒன்பது நாற்பதுக்கு அலுவலக வாசலில் நிறுத்துவேன். வழியில் பாலம் ஏதோ வேலையாக இருக்கிறது என்று இங்கே பேசிக்கொள்கிறார்கள், அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கோபம் ஆறவும், அதுவரை நான் தூரத்தில் இருக்கவும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி

பின்குறிப்பு: அம்மா, நான்தான். தபால்ல போடச் சொல்லி மாமா கொடுத்தார், ஒட்டறதுக்கு முன்னாடி படிச்சிட்டேன். அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல பெட்டியோட ஏறி உட்கார்ந்தது நான். தண்ணி வாங்கிட்டு வரேன்னு இறங்கிப் போய்க் கத்திட்டிருந்தது மாமா. கண்டக்டர் நாலு தடவை விசில் அடிச்சார். நான் இறங்கினதும் நேரா ஆபீசுக்குப் போன் பண்ணி, நானே அவகாசம் கேட்டேன். அடுத்த மாசம் இருபதாம் தேதி சேர்ந்தாப் போதும்னு அன்னைக்கே எழுத்துல கொடுத்துட்டாங்க. அதுக்குள்ள டூர் முடிஞ்சிடும், வந்து சேர்ந்துடுவேன். உடனே உனக்குச் சொல்லலாம்னு போனை எடுத்தேன். மாமா என் கையைப் பிடிச்சிக்கிட்டார். "சொல்லாதே. சொன்னா உங்கம்மா, அப்ப உனக்கு அங்க என்னடா வேலை, கிளம்பி வான்னு சொல்லிடுவா"ன்னார். அதனாலதான் நீ போன்ல கேட்டப்பல்லாம் மாமாவையே கேளுன்னு சொன்னேன். இந்தப் பதினொரு நாளும் அவர் என்கிட்ட வேலையைப் பத்திப் பேசவே இல்லை. நீ மாமாவை ஊருக்குக் கூப்பிடாதே அம்மா. மாமாவுக்குக் கடைவாய்ப் பல் ஒண்ணு இல்லைங்கறது உனக்குத் தெரியுமா? எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. இங்க அவர் சிரிக்கும்போதுதான் பார்த்தேன்.